பயம் உட்கார்ந்த நாற்காலி

மனித குலம் பயத்தை வென்றுவிட்டது. நெருப்பு, சக்கரம், அதற்கடுத்து இதுதான் என்று மோட்டார் பம்ப் தொழிலதிபரும் சூறாவளி பந்தய அணியின் சேர்மனுமான கனகசபாபதி மேடையில் அறிவித்தார். கோயமுத்தூருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளைத் தள்ளிவிட்டுப் போட்ட புது கார் பந்தயத் தடத்தின் திறப்பு விழா அது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வென்று முடித்த பயம் அந்த நேரத்தில் மேடைக்குப் பின்புறம், கேன்டீனுக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவே பிளைவுட் அடித்த ஓர் ஏசி அறையில், தலையில் வயர்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் சாந்தாமணி. வயது நாற்பத்தாறு. காலையிலிருந்து டீ குடிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருமுன் சாந்தாமணி ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போடுவது, கதவோரம் நிற்பவனின் சட்டையைப் பிடித்துக்கொள்வது, இறங்கியவர்களை ரோட்டைத் தாண்டி விடுவது. ஆள் தேர்வுக்கு முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வந்திருந்தார். மலையேறுபவர் வந்திருந்தார். உள்ளத்தை அடக்குவது எப்படி என்று ஊர் ஊராகப் பேசிவந்த யோகா குரு, சோதனை தொடங்கியதுமே நாற்காலியிலிருந்து சரிந்து, எழுப்பியபோது அம்மாவைக் கேட்டார். சாந்தாமணி மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்து, வயரைக் கழற்றியபின், "அவ்வளவுதானுங்களா?" என்றார். அடுத்தவர் பெற்ற பிள்ளைக்காகப் பயப்படுவதில் அவருக்கு இருந்த பழக்கம் ராணுவத்தில் கிடைக்காதது.

அணியின் இன்ஜினியர் மிதுன்தான் அவருக்கு விஷயத்தை விளக்கியவன்.

"பயத்த அழிக்க முடியாதுங்க்கா. மாத்திரை குடுத்துப் பாத்தாங்க. பயமே இல்லாதவன் வளைவுல பிரேக் புடிக்கறதில்ல, நேராப் போயி சுவத்துல சொருகிக்கறான். அதனால பயம் வரோணும். வந்து, அவன் கைகால ஆட்டாம வேற பக்கம் போயிரோணும்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கமுங்க்கா." நாற்காலியைக் காட்டினான்.

"ஏன், காத்துல உட்ற முடியாதா?"

"பாத்தாச்சுங்க்கா. வாங்கிக்க இன்னொரு மண்டை இல்லீன்னா திரும்ப அவங்கிட்டயே போயிருது."

"நாய்க்குட்டியக் கொண்டு போயி உட்டா வீட்டுக்கே திரும்பி வருமே, அப்படி."

"அதேதானுங்க்கா."

விதிப் புத்தகத்தில் அவருடைய பதவிக்கு 'உணர்வுப் பொறுப்பாளர்' என்று பெயர். கார்களைக் கழற்றி மாட்டும் பட்டறையில் 'பயக்கா' என்றார்கள். நாற்காலியின் வலது கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதற்கு விதிப் புத்தகம் வைத்த பெயர் 'கருணை விசை'. பொறுப்பாளரால் தாங்க முடியாமல் போனால் அதை அழுத்தலாம். அழுத்தினால் பயம் சொந்தக்காரனுக்கே திரும்பிவிடும். அவன் கை நடுங்கும், கார் மெதுவாகும்.

சொந்தக்காரன் பெயர் யுகன். பத்தொன்பது வயது, உடுமலைப்பேட்டை. காரை நன்றாகத்தான் ஓட்டுவான். ஆனால் யாராவது பக்கத்தில் வந்தால் உடனே வழி விட்டுவிடுவான் என்பதால் பட்டறையில் அவனுக்குத் 'தயிர்சாதம்' என்று பெயர். சாந்தாமணியோடு வயர் இணைத்த முதல் பந்தயத்தில் தயிர்சாதம் இரண்டாவதாக வந்தது. அடுத்ததில் முதலாவது.

சாந்தாமணி பந்தயத்தைப் பார்த்ததே கிடையாது. அறையில் டிவி வைத்தால் பார்ப்பவரின் சொந்தப் பயமும் சேர்ந்து கலப்படமாகிவிடும் என்று வைக்கவில்லை. வளைவு வருவது அவருக்கு வயிற்றில் தெரியும். இரண்டு கார்களுக்கு நடுவே இல்லாத சந்தில் யுகன் மூக்கை நுழைக்கும்போது அவருடைய தாடை பூட்டிக்கொள்ளும். எதிராளி விலகுவான் என்பது யுகனுக்குத் தெரியும். விலகாவிட்டால் என்ன ஆகும் என்பது சாந்தாமணிக்குத் தெரியும். வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பந்தயத்தில் அவர் ஒரு தடவை பொத்தானை அழுத்தினார்.

அழுத்தியதும் கதவு தானாகத் திறந்தது. டாக்டர், மிதுன், அணி மேனேஜர், டிவி கேமராமேன் என்று நாலு ஆண்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அதுவும் விதிதான். டாக்டர் வரவேண்டியது உயிருக்காக, கேமராமேன் வரவேண்டியது ஒளிபரப்பு உரிமைக்காக. முந்தானை எங்கோ கிடக்க, முடி அவிழ்ந்து, வாயைத் திறந்தபடி சாந்தாமணி இருந்த கோலம் அன்று மாலைக்குள் ஊரில் எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்தது. 'மாமியார் ஒரு வாரம் தங்குறாங்களாம்' என்று கீழே எழுதி அனுப்பிக்கொண்டார்கள். காலேஜில் படிக்கும் அவர் மகளுக்கும் வந்தது. அனுப்பியவள் மகளின் உயிர்த்தோழி. மகள் இரண்டு நாள் காலேஜ் போகவில்லை.

சாந்தாமணி சேர்மனைப் பார்க்கப் போனார்.

"கதவுக்கு உள்ள ஒரு தாழ்ப்பா வெச்சுக் குடுங்க. இல்லீன்னா மொதல்ல ஒரு பொம்பளையாளு உள்ள வர்ற மாதிரி பண்ணுங்க."

"தாழ்ப்பா போட்டா பாதுகாப்பு விதி இடிக்குதுங்களே அம்மா," என்றார் கனகசபாபதி. பெண்களை மதிப்பவர் என்பதால் எழுந்து நின்று சொன்னார். "பொம்பளையாளு நம்ம டீம்ல யாருங்க இருக்காங்க, உங்களத் தவிர? அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்."

"அந்தப் பக்கம் பொம்பளைங்க கக்கூஸும் இல்லீங்க."

"விஐபி கேலரிக்குப் பின்னால இருக்குதுங்களே?"

"பாஸ் கேக்கறாங்க."

"அப்படிங்களா? அதையும் அடுத்த சீசன்ல."

அதன்பிறகு பந்தய நாட்களில் சாந்தாமணி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பொத்தானையும் தொடவில்லை. யுகன் வரிசையாக ஜெயித்தான்.

அவன் ஜெயிக்க ஜெயிக்க நாட்டில் விவாதம் சூடு பிடித்தது. 'துணிச்சலா, துஷ்டத்தனமா?' என்று ஒரு சேனல் ஞாயிற்றுக்கிழமை மாலையை முழுசாக ஒதுக்கியது. முன்னாள் சாம்பியன் எட்வின் வந்திருந்தார். மேல்சட்டையில் தான் வாங்கிய பழைய பதக்கங்களில் மூன்றைக் குத்தியிருந்தார்.

"நாங்க ஓட்டுனப்ப சொந்த பயத்தோட ஓட்டுனோம்," என்றார் எட்வின். "பக்கத்து கார்ல இருக்கறவன் வீட்லயும் சோறு வெச்சிக்கிட்டு காத்திருப்பாங்கன்ற நெனப்பு இருந்துச்சு. இந்தப் பையன் பண்றது டிரைவிங் இல்ல, இடிக்கறது. நான் டிரெயின் பண்ற ஹர்ஷத் இருக்கான், பெரம்பூர் பையன். நாற்காலி, வயரு எதுவும் கெடையாது. முழு பயமும் அவனோடது."

"அதனாலதான் ஒவ்வொரு ரேஸ்லயும் விலகி வழி விடுறாரா?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துபவர்.

அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹர்ஷத்தும், கேமரா தன்மேல் இருந்ததால் சிரித்தான். எட்வின் சிரிக்கவில்லை. பதக்கங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

யுகனிடம் மைக்கைக் கொடுத்து, அத்தனை வேகத்தில் அடுத்த காரை உரசும்போது மனதில் என்ன ஓடும் என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் ஓடாதுங்க," என்றான். அது உண்மை. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சாந்தாமணியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது. அந்த வாரம் முதல் அவரால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடுகிறது, சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்றான் மிதுன். வீட்டுக்கு நேர் எதிரே இருந்த மளிகைக் கடைக்கு அவர் ஆட்டோவில் போனார். ஆட்டோ பாலம்வரை போய்த் திரும்பி எதிர்ப்பக்கம் வந்து இறக்கிவிடும். ஆட்டோக்காரர் முதல் நாள் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

பொறுப்பாளரும் டிரைவரும் சந்திக்கக் கூடாது என்று விதி. கேன்டீன் ஒன்றே ஒன்றுதான் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய நாள் ஒத்திகை முடிந்து யுகன் அங்கே வந்தான்.

"நீங்கதானுங்க்கா அது?"

"எது?"

"என்ற பயம்."

சாந்தாமணி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா. நீதானா அந்தத் தயிர்சாதம்?"

சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தான். நேரில் இன்னும் சின்னப் பையனாக இருந்தான். "மூணாவது ரேஸ்ல ஒருக்கா திருப்பி அனுப்புனீங்களே, யப்பா! ஸ்டியரிங்கே கையில நிக்கலீங்க்கா. அதைத்தான் நீங்க முழு ரேஸும் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்களா?"

"வேன்ல ஒருத்தன் இருந்தான். ஓடற வண்டியில கதவோரம் நிப்பான். கேட்டா, காத்து வாங்கறேன் ஆயாம்பான். உன்னப் பாத்தா அவன் நெனப்புத்தான் வருது."

"அவன் என்னானானுங்க்கா?"

"என்னாவான்? நான் சட்டையப் புடிச்சுட்டு இருந்தேன். இப்ப கனடாவுல இருக்கான்."

யுகன் மறுபடி சிரித்தான். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "பயம்னா எப்படீங்க்கா இருக்கும்? இப்பல்லாம் வெளியிலயும் வர மாட்டேங்குது. போன வாரம் எங்கப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். அம்மா அழுகறாங்க. நான் பக்கத்துல உக்காந்து போன்ல கேம் ஆடிட்டு இருந்தேன். தப்புன்னு தெரியுது. ஆனா வரலீங்க்கா."

சாந்தாமணி வயிற்றின்மேல் கையை வைத்துக் காட்டினார். "அடிவயித்துல யாரோ துணி பிழியற மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாளைக்குக் கொஞ்சம் பாத்து ஓட்டு சாமி. உனக்காகச் சொல்லல. என்னால முடியல."

"விலகிருவாங்க்கா," என்றான் யுகன் அன்பாக. "எப்பவும் விலகிருவாங்க."

மறுநாள் கடைசிப் பந்தயம். இதற்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்பதால், சாம்பியன் பட்டம் யுகனுக்கா ஹர்ஷத்துக்கா என்பது இதில்தான் முடிவாகும். தென்றல் இளநீர் என்ற கம்பெனி அணிக்கு விளம்பரதாரராக வந்திருந்தது. 'பயமும் தாகமும் தீர' என்பது அவர்கள் வாசகம். அதற்குப் பயத்தின் முகம் வேண்டும் என்று காலையில் கேமராவோடு சாந்தாமணியிடம் வந்தார்கள். குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். முதல் தடவை சிரிப்பு சரியில்லை. இரண்டாவது தடவை பாட்டிலின் பெயர் கைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மூன்றாவது தடவைதான் இயக்குநருக்குத் திருப்தி.

"மூணு பாட்டிலும் முழுசாவா குடிச்சீங்க? சும்மா வாயில வெச்சா போதுமுங்க்கா," என்றான் மிதுன் வயரை மாட்டிக்கொண்டே.

"குடிக்கிறது தொண்டையில தெரியணும்னு சொன்னாங்க."

வயரை மாட்டியபின் எழக் கூடாது. பத்து மணிக்கு வருவதாக இருந்த சீஃப் கெஸ்ட் பதினொன்றரைக்கு வந்தார். வந்தவர் வீரத்தைப் பற்றிப் பேசினார். சேர்மன் சீஃப் கெஸ்ட்டைப் பற்றிப் பேசினார். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பொன்னாடை போர்த்தியதைப் போட்டோக்காரர்கள் தவறவிட்டதால் இன்னொரு முறை பொன்னாடை. ஸ்பீக்கர் வழியாக எல்லாம் பிளைவுட் அறைக்குள் கேட்டது. கடைசியில் கொடி அசைந்தது.

தடத்தின் வடகோடியில் வலப்பக்கமாகத் திரும்பும் ஒரு நீண்ட வளைவு உண்டு. அதில் இரண்டு கார்களுக்கு இடமில்லை. சீசன் முழுக்க அந்த வளைவில்தான் யுகன் உள்பக்கமாக மூக்கை நுழைப்பான், ஹர்ஷத் விலகுவான். அன்றும் மூன்று சுற்று அப்படியே நடந்தது. நாலாவது சுற்றில் ஹர்ஷத் விலகவில்லை. ஐந்தாவதில் இரண்டு கார்களும் லேசாக உரசிக்கொண்டன. பிளைவுட் அறையில் சாந்தாமணியின் கை பொத்தானுக்குப் போயிற்று. பொத்தானின்மேல் விரல் இருந்தது.

ஆறாவது சுற்றில் இரண்டு பேரும் விலகவில்லை.

ஹர்ஷத்தின் கார் தடுப்புச் சுவரைத் தாண்டி, மிச்சமிருந்த தென்னை மரங்களில் ஒன்றில் போய் நின்றது. விபத்து நடந்த நொடியில் முன்னால் இருந்தவன் யுகன் என்பதால் பட்டம் அவனுக்கே என்று அறிவித்தார்கள். அவனும் மேடையேறி, பாட்டிலைக் குலுக்கி எல்லார்மேலும் நுரையைப் பீய்ச்சினான். அவன் பீய்ச்சி முடித்த பிறகுதான் ஹர்ஷத் இறந்துவிட்ட செய்தி வந்தது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் தடத்துக்கு ஓடினார்கள். சாந்தாமணியின் வயரைக் கழற்ற யாரும் வரவில்லை. அவரே கழற்றிக்கொண்டு, பின்பக்க வழியாக வீட்டுக்குப் போனார்.

விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வைத்தியலிங்கம் தலைவர். ஆபத்தாக ஓட்டியது யார் என்பதைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு.

யுகனைத்தான் முதலில் விசாரித்தார். "பக்கத்துல வர்றவர் விலகலைன்னா என்ன ஆகும்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆனா பயமா இல்லீங்க."

எட்வினையும் விசாரித்தார். பந்தயத்தின்போது அவர் ரேடியோவில் ஹர்ஷத்திடம் பேசியதைப் போட்டுக் காட்டினார்கள். 'விலகாதடா. டிவில ஊரே சிரிச்சுச்சு. இந்த வாட்டி விலகாத.' எட்வின் அழுதார். அது பயிற்சியாளரின் ஆலோசனை, ஓட்டுதல் ஆகாது என்று கமிஷன் குறித்துக்கொண்டது. அன்று அவர் பதக்கம் குத்தியிருக்கவில்லை.

பிறகு மிதுனைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டான்.

"இந்தக் கோடு என்ன?"

"பயமுங்க. ஆறாவது சுத்து, வட வளைவு. சீசன்லயே இவ்வளவு ஒசரம் போனதில்லீங்க."

"இது யாருடைய மூளையில் பதிவானது?"

"சாந்தாமணிக்காவோடதுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா அபாயத்தை உணர்ந்தவர் இந்த அம்மா. ஓட்டுனவருக்கு உணர்வே இல்லை. தடுக்குற பொத்தானும் அம்மா கையில. உணர்ந்தும் தடுக்கலை."

"சார், அவங்க ஓட்டலீங்களே."

"ஓட்டுறதுன்னா என்ன தம்பி? சக்கரத்தைப் பிடிக்கிறதா? எங்க நிறுத்தணும்னு முடிவு பண்றதுதான் ஓட்டுறது."

நெடுநாள் யோசித்து வைத்திருந்த வாக்கியம் போலிருந்தது. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

சாந்தாமணியிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் அழுத்தலை?"

சாந்தாமணி எதிரே கமிஷன் மேஜையில் உட்கார்ந்திருந்த மூன்று ஆண்களையும், சுவரோரம் நின்ற கேமராக்களையும் பார்த்தார். ஹர்ஷத்தின் அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார். அவரைப் பார்க்கவில்லை.

"தெரீலீங்க," என்றார்.

ஆபத்தாக ஓட்டிய குற்றத்துக்காகச் சாந்தாமணியின் பந்தய உரிமத்தை ஆயுளுக்கும் ரத்து செய்வதாகத் தீர்ப்பு வந்தது. அவரிடம் உரிமம் எதுவும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. இல்லாததை ரத்து செய்ய முடியாதே. அதனால் போட்டோ எடுத்து, கைநாட்டு வாங்கி, உரிமம் ஒன்றை வழங்கி, அதே மேஜையில் அதை ரத்து செய்தார்கள். பழைய வேன் வேலையைப் பள்ளியில் போய்க் கேட்டபோது, பேப்பரில் பெயர் வந்தவரிடம் பிள்ளைகளை விடப் பெற்றோர் ஒப்ப மாட்டார்கள் என்று பிரின்சிபால் மரியாதையாகச் சொன்னார்.

ஒருநாள் யுகன் அவர் வீட்டுக்கு வந்தான். வாசலில் அதே ரோடு, எதிரே அதே மளிகைக் கடை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான்.

"ஹர்ஷத் வீட்டுக்குப் போனேனுங்க்கா. அவங்கம்மா என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க. எனக்கு வரல. திட்டியிருந்தாக்கூட வந்திருக்குமோ என்னவோ."

"வரும் சாமி. மெதுவா வரும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க்கா. உங்களுக்கு அவ்வளவு பயம் வந்திருக்கு. வெரல் பொத்தான் மேலதான் இருந்துச்சுன்னு மிதுன் சொன்னான். ஏங்க்கா அழுத்தல?"

சாந்தாமணி அவனையே பார்த்தார். பத்தொன்பது வயதுப் பையனிடம் என்ன சொல்ல முடியும்?

"நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்," என்றார்.

யுகனின் முகம் மாறியது. அவன் அழுதான். பல மாதங்களில் முதல் தடவையாக, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதான். சாந்தாமணி முந்தானையால் துடைத்துவிட்டார்.

அவன் அதைப் போய்ப் பேட்டியில் சொன்னான். அப்புறம் காற்று திசை மாறியது. கல்நெஞ்சக்காரி என்று எழுதிய பத்திரிகைகளே, ஒரு டிரைவர்மேல் ஒரு பெண் வைத்த நம்பிக்கை என்று எழுதின. 'நம்பிக்கை கொல்லுமா?' என்று அதே சேனல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியது. கனகசபாபதி அந்த நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பம்ப் தொழிற்சாலை வரவேற்பறையில் நிறுத்தினார். 'தன் பயத்தைவிடப் பிறர்மேல் கொண்ட நம்பிக்கையைப் பெரிதாக மதித்தவர் அமர்ந்த ஆசனம்' என்று பித்தளைப் பலகை. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நாற்காலியின் மெத்தையில் ஒரு கறை இருக்கிறது. வியர்வை என்று வரவேற்பறைப் பெண் சொல்வாள். வியர்வை இல்லை. அன்று கொடி அசைந்த கொஞ்ச நேரத்திலேயே சாந்தாமணியின் சேலை நனைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் நாலு ஆண்கள் கேமராவோடு உள்ளே வந்துவிடுவார்கள்.